அம்பு காட்டிய கரை

வா மனசே, கிட்ட வா, இந்தப் பலகையில் என்னோடு ஒட்டி உட்காரு. இந்த ஒரு காலைக்காவது அங்கே இங்கே ஓடாமல் இரு. முன்னால் அணியத்தில் குத்தவைத்திருக்கிறானே, அவன் காதில் விழாமல் பேசவேண்டும். தார்சியூஸ், என் பொண்டாட்டி ரோணிக்கம்மாளின் ஒரே தம்பி. மீசை முளைக்கும் முன்பே என் வள்ளத்தில் ஏறினவன், இன்றைக்கு அவன் மகள் காலேஜுக்குப் போகிறாள், இன்னும் அதே இடத்தில்தான் குத்தவைக்கிறான். அவனுக்கு மூளை உண்டு. இத்தனை காலம் அது எனக்கு வசதியாக இருந்தது. இப்போது அதுதான் எனக்குத் தொந்தரவு. ஏனென்றால் என் இரண்டு கண்ணிலும் பூ விழுந்துகிடக்கிறது, அது உனக்கும் எனக்கும் தவிர ஒருவருக்கும் தெரியாது. கிட்டத்தில் என்றால் கைரேகைகூட ஒருமாதிரி தெரியும். எட்டத்தில் கரை என்பது பாலில் ஊறப்போட்ட துணி. வெயில் ஏறிவிட்டால் துணியும் இல்லை, பால் மட்டும்தான். காது இருக்கிறது, அது நாய்க்காது. கன்னத்தில் காற்று இருக்கிறது, அடியில் அலை தூக்குவது முதுகுத்தண்டுக்குத் தெரிகிறது. இவற்றை வைத்து எஞ்சின் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வெளிக்கடலில் எவனுக்கு என்ன ஆகப்போகிறது, தண்ணீர்தானே. ஆனால் திரும்பி வரும்போது நம் துறை வாயில் இரண்டு பக்கமும் கல் கிடக்கிறது, நடுவில் ஒரு வள்ளம் நுழையும் வழி, கல் மேலும் வெள்ளை நுரை, வழி மேலும் வெள்ளை நுரை. எது நுரை, எது கல். முன்னால் உட்கார்ந்திருப்பவன் தார்சி. வள்ளம் முட்டினால் முதலில் அவன் தலைதான். ரோணிக்கம்மாளிடம் போய் நான் என்ன சொல்வேன். எது நுரை, எது கல். பார்த்தாயா, உன்னை உட்காரச் சொன்னேன், அதற்குள் எழுந்து துறை வாய்க்கு ஓடிவிட்டாய்.

இங்கே பாரு, என் முழங்காலுக்குப் பக்கத்தில் பெட்டி. புதுப் பெட்டி. எக்கோவும் ஜிபிஎஸ்ஸும் ஒன்றாய்ச் சேர்ந்தது, மேலே படம், கீழே நம்பர், ஓரத்தில் பொத்தான்கள். காலையில் கரையில் வைத்து மாட்டினார்கள். குளச்சலிலிருந்து வந்த மெக்கானிக் அஜின், பேச்சும் கையும் ஒன்றாக ஓடுகிற ஆள், வள்ளத்தின் பின்கட்டையில் துளை போட்டு, சத்தம் அனுப்புகிற குமிழை ஒரு பக்கமாய்த் தள்ளி வைத்தான். புரொப்பல்லருக்கு நேரே வைத்தால் குமிழி கிளம்புகிற தண்ணீரில் அதற்கு ஒன்றும் கேட்காதாம். அது கேட்டுத்தான் பார்க்குமாம். தண்ணீருக்குள் ஒரு சத்தத்தை விட்டு அது அடியில் தட்டித் திரும்பி வருகிறதைக் கேட்டு, அடியில் சேறா பாறையா, நடுவில் மீனா என்று படம் போடுமாம். எனக்கு அந்த நிமிஷம் பெட்டியைப் பிடித்துவிட்டது, உனக்கும்தான், மறைக்காதே. கேட்டுப் பார்க்கிற இன்னொருத்தன் வந்துவிட்டான் என்று நினைத்தோம். அதற்குள் தார்சி வாய் திறந்தான். "முன்னால வேண்டாம், தண்ணி தெறிக்கும். பின்னால அத்தான் காலுகிட்ட மாட்டு." சரி. "எழுத்தெல்லாம் எவ்வளவு பெருசாகுமோ அவ்வளவு பெருசாக்கு. கலரெல்லாம் வேண்டாம், கறுப்பும் வெள்ளையும் போதும்." அஜின் சிரித்தான். "யாருக்கு அண்ணே, ஆனைக்கா வள்ளம் ஓட்டக் குடுக்கப் போறீங்க?" தார்சி சிரிக்காமல் சொன்னான்: "எனக்குத்தான் மக்கா. என் பொண்டாட்டி போன்ல அனுப்புறதையே நான் ஒரு வாரம் கழிச்சுத்தான் படிக்கேன். அவ சண்டையே பழசாப் போயிருது." கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஒரு நொடி பிந்திச் சிரித்தேன். அவனுக்கு எழுத்து தெரியாதா? மணலில் கிடக்கிற தூண்டில் முள்ளை நின்ற வாக்கில் பார்த்து எடுப்பவன். பிறகு எதற்குப் பெரிய எழுத்து. என் காலுக்குப் பக்கத்தில் எதற்குப் பெட்டி. அது கடலைப் பார்க்க வந்ததா, என்னைப் பார்க்க வந்ததா.

அடுத்து என்ன நடந்தது, அதையும் நினைத்துக்கொள்ளலாம், துறை வாய் வரைக்கும் இன்னும் நேரம் இருக்கிறது. வள்ளம் தள்ளி, அலை தாண்டி, எஞ்சின் பிடித்து வெளியே வந்ததும் தார்சி முன்னாலிருந்து முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டான்: "எத்தன பாகம் காட்டுது அத்தான்?" ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம், அந்தக் கணக்கில்தான் நாம் ஆழம் பேசுவோம். பெட்டியில் நம்பர் நின்றது எனக்குத் தெரிந்தது. கறுப்பாய் இரண்டு உருவம், பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு கன்னியாஸ்திரிகள் மாதிரி. எட்டா மூன்றா, ஒன்றா ஏழா, வெயில் கண்ணாடியில் அடித்தது. அலை நீண்டு படுத்துவிட்டதை முதுகில் கண்டு, "பன்னெண்டு" என்றேன். "ம்" என்றான். மனசே, ஒரு ம்-க்குள் எத்தனை பேர் ஒளிந்திருக்க முடியும் என்று உனக்குத் தெரியுமா. சரி என்கிற ம் குட்டையாய் இருக்கும். கேட்கவில்லை என்கிற ம் மேலே தூக்கும். கடைக்காரன் நிறுக்கும்போது நம் பக்கத்தில் நிற்பவன் போடுகிற ம் ஒன்று உண்டு, நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்கிற ம், அது மூக்கிலேயே நின்றுவிடும். தார்சியின் ம் மூக்கில் நின்றது. கொஞ்ச தூரம் போய் மறுபடியும் கேட்டான். நான் சொன்னேன். ம். அவன் திரும்பிப் பார்த்தானா, முதுகைத்தான் காட்டினானா, அதுவும் எனக்குத் தெரியவில்லை, அந்த இடத்தில் ஒரு நீலச் சட்டை இருந்தது, அவ்வளவுதான். பிறகு எழுந்து பின்னால் வந்தான், பெட்டிக்கு முன்னால் குனிந்து பொத்தானை அமுக்கிக்கொண்டே பேசினான், என்னோடா பெட்டியோடா தெரியவில்லை. "இதுக்கு ஒரு கூட்டல் குறைச்சல் உண்டு அத்தான். ரொம்பக் கூட்டி வச்சா தூசி தும்பெல்லாம் மீனாத் தெரியும். குறைச்சு வச்சா மீன்கூட்டமே தூசியாப் போயிரும். நடுவுல நிறுத்தணும்." நிறுத்தினான். உன்னை நிறுத்த ஒரு பொத்தான் இல்லை. காலையிலிருந்து நீ கூட்டித்தான் கிடக்கிறாய், ஒவ்வொரு தூசியும் சுறாவாக வருகிறது. இவன் என்னைக் கரையில் உட்காரவைக்கப் பார்க்கிறான், பெட்டி இருந்தால் ஆள் எதற்கு என்று கணக்குப் போடுகிறான், அக்காளுக்குத் தெரியாமல் வேறொருவனைப் பேசி வைத்திருக்கிறான். அடுத்த நிமிஷம் குறைந்துபோகிறாய், சீச்சீ தார்சியா, எனக்கு டைபாய்டு வந்தபோது பீ மூத்திரம் அள்ளினவனா. நடுவில் நிற்கவே மாட்டேன் என்கிறாய்.

சொல்லியிருக்கலாம். கண்ணில் பூ விழுந்திருக்கிறது தார்சி என்று ஒரு வாய்ச்சொல். அதற்கு வாய் வரவில்லை. கோயிலில் கண் முகாம் என்று மைக்கில் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, ரோணிக்கம்மா பெண்கள் பக்கத்திலிருந்து என் முகத்தைப் பார்த்தாள், பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன், அந்தத் திசையில் ஒரு முக்காடு திரும்பியது. நான் இருமிக்கொண்டே எழுந்து வெளியே போய்விட்டேன். கத்தி எனக்குப் பழக்கமானதுதான். எத்தனை மீனின் தலையை வகிர்ந்திருப்பேன். ஆனால் குழம்பில் வெந்த பாரை மீனின் கண்ணைப் பார்த்திருக்கிறாயா, கறுப்பெல்லாம் போய் வெள்ளை உருண்டையாய், சுண்ணாம்பில் உருட்டினது மாதிரி. பேத்தி அதை எடுத்து வாயில் போட்டு உறிஞ்சுவாள். அன்றிலிருந்து மீன்தலை தட்டில் விழுந்தால் நான் திருப்பி வைத்துவிடுகிறேன். என் கண்ணும் உள்ளே வெந்துகொண்டிருக்கிறது, இன்னும் கொஞ்சம் அடுப்பில் கிடந்தால் அந்த உருண்டைதான். கத்தி வந்து அதைத் தொடும், நான் முழித்துக்கொண்டே கிடக்கவேண்டும், மயக்கம்கூடக் கொடுக்கமாட்டார்களாம். அது ஒரு பயம். அதைவிடப் பெரியது கீழே கிடக்கிறது, அதை நீ தொடவே மாட்டேன் என்கிறாய், நான் சொல்கிறேன், கேளு. டாக்டர் கண்ணைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இனிக் கடலுக்குப் போகவேண்டாம் பெரியவரே என்று சொல்லிவிட்டால்? ஒரு வாய்ச்சொல், எழுதிக்கூடக் கொடுக்கவேண்டாம். அதற்குப் பிறகு காலையில் எழுந்து நான் எந்தப் பக்கம் நடப்பேன். சொல்லாதவரை நான் வள்ளக்காரன். சொல்லாமல் இருந்தால் தார்சியின் தலை. எது நுரை, எது கல்.

பாருக்கு வந்தோம். அடியில் கிடக்கிற அந்தப் பாறைக்கூட்டம், நெடும்பார். அங்கேதான் கலவாயும் விளமீனும் அண்டும். அதைப் பெட்டியில் குறித்துவைக்கத்தான் இன்றைக்கு வந்ததே. முதல் தடவை நாம்தான் அதற்கு இடத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டும், பிறகு அது மறக்காதாம். "கணியம் சேரும்போது சொல்லுங்க அத்தான், நான் அமுக்கிருதேன்" என்றான் தார்சி. கணியம் உனக்குத் தெரிந்ததுதான், கரையில் ஒரு அடையாளத்தின் மேல் இன்னொன்றைக் கொண்டுவந்து ஏற்றி, கடலில் இடம் பிடிப்பது. நெடும்பாருக்குக் கூர்மலையின் உச்சி நம் கோயில் கோபுரச் சிலுவைக்கு நேர் மேலே வந்து உட்காரவேண்டும். எனக்குச் சிலுவையும் இல்லை மலையும் இல்லை. ஆனால் எஞ்சின் ஓடின நேரம் தெரியும், நீரோட்டம் வள்ளத்தின் அடிவயிற்றில் தடவுவது தெரியும், பாருக்கு மேலே அலை லேசாய்த் தோளைத் தூக்கும். தூக்கின மாதிரி இருந்தது. கண்ணைச் சுருக்கிக் கரைப்பக்கம் பார்த்து, பார்க்கிறவன் பார்ப்பதுபோலவே கையை நெற்றியில் வைத்து, "மலை சிலுவைமேல வந்தாச்சு, அமுக்கு" என்றேன். அவன் அமுக்கவில்லை. பெட்டி கிரிக், கிரிக் என்றது, மண்ணெலி மாதிரி. "அடி தட்டையாக் கெடக்கு அத்தான். சேறுதான். கொஞ்சம் மேக்க போவோமா." போனேன். கிரிக் சத்தம் அடர்த்தியாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது, திரையில் கறுப்பாய் ஒன்று எழும்பியது, அது எனக்கே தெரிந்தது. "இந்தா வந்துட்டு" என்று அமுக்கினான். நீரோட்டம் இழுத்திருக்கும் என்றேன். ம் என்றான். அப்போது அவன் போன் அடித்தது. எடுத்து, குரலைத் தாழ்த்தி, ஆனால் என் காதுக்குத் தாழ்வு ஏது, "ஆமா, கெளம்பிட்டோம்னு வச்சுக்க. இல்ல, மழ இங்க இல்ல, மலைப்பக்கம்தான் விடியக்காலத்துலயே மூடிக்கெடக்கு. உச்சி என்ன, அடிவாரமே காணோம்" என்றான். பொண்டாட்டியிடம் பேசுகிறான் என்று நினைத்தேன். காலையிலிருந்தே மலை இல்லை. இல்லாத மலையைத் தூக்கிச் சிலுவைமேல் வைத்தவன் நான். கண் உள்ள எவனும் இன்றைக்கு வாயைத் திறந்து சொல்லமுடியாத ஒன்றைச் சொல்லிவிட்டேன். தார்சி போனைப் பையில் போட்டான். ஏதாவது கேட்டிருந்தால் திட்டியிருப்பேன், திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவன் பாட்டுக்குப் பீடி பற்றவைத்து, எனக்கும் ஒன்று பற்றவைத்து, என் விரலுக்குள் சரியாய்ச் செருகினான்.

இப்போது திரும்பிக்கொண்டிருக்கிறோம், கிட்ட உட்காரு, பெட்டியின் கடைசிப் பரீட்சை இது. "அம்பு போட்டாச்சு அத்தான். போகவேண்டிய எடத்த உள்ள குடுத்தாச்சு. இனி மலை, கோபுரம் ஒண்ணும் பாக்காண்டாம். அம்பு எந்தப் பக்கம் காட்டுதோ அந்தப் பக்கம் திருப்புங்க, நிமிந்து நின்னா நேரே விடுங்க. கரைய பாக்கப்பிடாது, பாத்தா பரீட்சை செல்லாது" என்று சொல்லிவிட்டு அணியத்தில் போய்ச் சாய்ந்துகொண்டான். அம்பு என் கட்டைவிரல் பருமன். கறுப்பு. எனக்குத் தெரிகிறது மனசே, அது சாய்கிறதும் நிமிர்கிறதும் தெரிகிறது. எத்தனை நாளைக்குப் பிறகு நான் கண்ணால் பார்த்து வள்ளம் ஓட்டுகிறேன். சாய்ந்தால் திருப்புகிறேன், நிமிர்ந்தால் விடுகிறேன், சின்னப்பிள்ளை சிலேட்டில் எழுதுவது மாதிரி. ஆனால் காற்று என்ன இப்படி. நம் துறைக்குத் திரும்பும்போது காற்று இடது கன்னத்தில் அடிக்கும், இப்போது பிடரியில் அடிக்கிறது. அலை பின்பக்கமாய் வந்து தூக்குகிறது. காற்று மாறியிருக்கும். காற்றும் மாறி அலையும் மாறுமா? வெயில் எந்தப் பக்கம், இடது காதில் சுடுகிறது, அது முன்னால் அல்லவா சுடவேண்டும். தார்சி, இது நம்ம கரைதானா என்று கேட்க வாய் வந்துவிட்டது, உதடுவரை வந்து நின்றுவிட்டது. எப்படிக் கேட்பேன். கண் உள்ளவன் அதைக் கேட்பானா. தலையைத் தூக்கிப் பார்த்தால் தீர்ந்தது. கோபுரம் இருந்தால் நம் கரை, இல்லையென்றால் இல்லை. கேட்டேன் என்றால் தெரியவில்லை என்று அர்த்தம். அதனால் கேட்காமல் அம்பைப் பிடித்துக்கொண்டு போகிறேன். சாய்கிறது, திருப்புகிறேன். துறை வாய் வரப்போகிறது, நுரை, கல், நுரை. காதை நீட்டு மனசே. நம் துறைக்கல்லில் அலை உடைந்தால் பானை உடைகிற சத்தம். இது என்ன, தொம், தொம் என்று, உள்ளே வெறுமையான எதிலோ மோதுகிற சத்தம். சிமெண்டுக் கட்டைகளை அடுக்கின அலைத்தடுப்பு. நம் ஊரில் ஏது அலைத்தடுப்பு.

ஐஸ் நொறுக்குகிற மெஷின் கரகரவென்று ஓடுகிறது. ஆட்டோ ஹாரன், ஒன்றல்ல மூன்று. டீசல் நாற்றம், பெரிய போட்டுகளின் நாற்றம். தண்ணீர் திடீரென்று எண்ணெய் ஊற்றினதுபோல் அடங்கிவிட்டது, அலையே இல்லை. இரண்டு பக்கமும் சுவர் கட்டின அகலமான வாய்க்குள், ஒரு கல்லையும் உரசாமல், நானே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். பெட்டி ஒருமுறை நீளமாய்க் கத்திவிட்டு நிறுத்தியது. எஞ்சினைத் தணித்தேன். "லேய், எங்கல கொண்டாந்திருக்க?" தார்சி அணியத்தில் நிமிர்ந்தான். "நான் எங்க கொண்டாந்தேன். அம்பு காட்டின எடத்துக்கு நீங்கதானே கொண்டாந்திய." "இது டவுன் துறைமுகம்லா." "ஆமா. நுழையும்போது வடக்குச் சுவருல ஆளு உயரத்துக்குப் பேரு எழுதியிருக்கு அத்தான். சிவப்புப் பெயிண்டு." அவன் குரலில் சிரிப்பில்லை. வள்ளம் மெல்ல நகர்ந்து டயர் கட்டின சுவரில் ஒட்டியது. சுவருக்கு மேலே யாரோ இருமுவது கேட்டது. அந்த இருமலோடு ஒரே பாயில் படுத்து எத்தனை வருஷம். ரோணிக்கம்மா. "எறங்குங்க" என்றாள். "கண்ணாசுபத்திரில சீட்டுப் போட்டு வச்சிருக்கு. ஆட்டோ நிக்குது." "யாருக்குச் சீட்டு?" "எனக்கு. எனக்குத்தான் உப்பு எது சீனி எதுண்ணு தெரியாம நாக்குல வச்சுப் பாக்குற வியாதி." அணியத்தில் நீலச் சட்டை குலுங்கியது. "நேத்து பேத்திண்ணு நெனச்சு வீட்டு அம்மிக்கல்லுக்குத் தலையத் தடவிக் குடுத்தியளே, அதையும் டாக்டர்ட்ட சொல்லணும்" என்றாள். பிறகு அவள் குரல் மாறியது. "ஒவ்வொரு நாளும் நீங்க ரெண்டுபேரும் துறை வாய்க்குள்ள ஏறுறவரைக்கும் நான் கரையில நிக்கேன். ஒண்ணு புருஷன், ஒண்ணு கூடப்பொறந்தவன். ரெண்டும் ஒரே வள்ளத்துல. எனக்கு இனி நிக்க முடியாது." அவளும் கரையில் நின்று நுரையா கல்லா என்று பார்த்துக்கொண்டிருந்தாளா. இத்தனை நாளும். உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும் என்றாயே மனசே. "டாக்டர் கடலுக்குப் போவாதேண்ணு சொல்லிட்டாருண்ணா?" என்று கேட்டேன், கேட்டது நான்தானா என்று எனக்கே சந்தேகம், குரல் அவ்வளவு சின்னது. தார்சிதான் சொன்னான். "சொல்லட்டும். அப்பம் பாப்போம். கண்ணு தெரியாம வந்து இல்லாத மலைய காட்டுதியளே, கண்ணத் தெறந்துட்டு வந்து இருக்குற மலைய காட்டுனா வேண்டாம்ணா சொல்லப்போறேன்." ஐஸ் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. எஞ்சின் கைப்பிடி என் உள்ளங்கையில் துடித்துக்கொண்டிருந்தது, இன்னும் உயிரோடு. ஒரு திருகு, பின்னால் ஒரு வாங்கு, இந்தச் சுவரை விட்டு விலகி வெளியே போய்விடலாம், பாலுக்குள் பால், ஒருவனும் ஒன்றும் செய்யமுடியாது. நீயும் அதைத்தான் சொன்னாய், நீ எப்போதும் முதலில் அதைத்தான் சொல்வாய். திருகினேன். எஞ்சின் ஒரு மூச்சு வாங்கியது, இருமியது, இன்னும் ஒருமுறை இருமிவிட்டு அப்படியே அடங்கிப்போனது. குனிந்து தடவினேன். டேங்கிலிருந்து எஞ்சினுக்கு வருகிற எண்ணெய்க்குழாயைக் காணோம். அண்ணாந்து பார்த்தேன். மேலே வெள்ளையில் நீலமாய் ஒரு சட்டை. தார்சி எப்போதோ குழாயைக் கழற்றி, டாக்டர்மார் ஸ்டெதாஸ்கோப் மாட்டுவதுபோலக் கழுத்தில் போட்டுக்கொண்டு சுவர்மேல் ஏறி நின்று, என்னைத் தூக்கிவிடக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.